கிச்சனுக்குள் எத்தனை சொல்?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இங்கிலீஷ் வீட்டுப்பாடங்களில் ஒரு ரகம் உண்டு. நீளமாக ஒரு சொல்லைக் கொடுத்து விடுவார்கள். அதில் இருக்கிற எழுத்துக்களை மட்டும் வைத்துக்கொண்டு இருபது சொல் எழுதி வா, முப்பது சொல் எழுதி வா என்பார்கள். இல்லாவிட்டால் நாலைந்து எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு, “இதில் ஒளிந்திருக்கும் சொல் எது?” என்று கேட்பார்கள். பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அம்மாவுக்கு அடுப்பில் வேலை. “அப்பா வரட்டும்” என்று நோட்டு மூடி வைக்கப்படும். அப்பா வந்ததும் செல்போனை எடுத்து நாலு தட்டு தட்டி, இரண்டே நிமிஷத்தில் முப்பது சொல்லையும் காட்டி விடுவார். பிள்ளை பார்த்து எழுதும். பாடம் முடிந்தது!

முடிந்தது சரி, பிள்ளைக்கு என்ன வந்தது? ஒன்றும் வரவில்லை. தேங்காயை நாம் துருவி, நாமே அரைத்து, குழம்பும் வைத்து விட்டு, “பெண் சமைக்கக் கற்றுக்கொண்டாள்” என்று சொல்வது போலத்தான்.

“நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் பாடத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே” என்று ஒதுங்கிப் போகிற தாய்மார்களை மனசில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நானும் தமிழ் மீடியம்தான். இங்கிலீஷ் பாடங்களிலேயே இந்த ஒன்றுக்குச் சரளமாகப் பேச வர வேண்டியதில்லை, இலக்கணம் வேண்டியதில்லை, நாக்கு வளைய வேண்டியதில்லை. இருபத்தாறு எழுத்தும், அன்றாடம் புழங்குகிற கொஞ்சம் சொற்களும், அரிசியில் கல் பொறுக்குகிற கண்ணும் இருந்தால் போதும். அந்தக் கண் நமக்கு இல்லாவிட்டால் வேறு யாருக்கு இருக்கிறது?

நமக்குப் பழகிய இடத்திலிருந்தே தொடங்கலாம். ‘கிச்சன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கே, ஐ, டீ, சி, எச், இ, என். ஏழு எழுத்து. (தமிழில் எழுதும்போது இரண்டு ‘டி’ வந்து குழப்பும். நாம் குடிக்கிற டீயின் முதலெழுத்தை ‘டீ’ என்றும், டாக்டரின் முதலெழுத்தை ‘டி’ என்றும் எழுதுகிறேன்.) பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள் வீட்டில் குவிந்து கிடக்கும். நல்ல கெட்டி அட்டை, குப்பையில் போட மனசு வராது. அதை ஓர் அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். ஏழு அட்டையையும் தரையில் போடுங்கள். வரிசையாக வைக்காதீர்கள், வட்டமாக வையுங்கள். காரணம் இருக்கிறது. பழகிய சொல்லை நம் கண் எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை. முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்கிற மாதிரி, மொத்தமாகப் பார்த்து ‘கிச்சன்’ என்று முடித்து விடுகிறது. வட்டமாக வைத்தால் அந்த முகம் கலைந்து போகும். அப்புறம்தான் உள்ளே இருப்பது தெரியும்.

முதல் வேலை, உயிரெழுத்துக்களைத் தனியே எடுத்து வைப்பது. இங்கிலீஷில் ஏ, இ, ஐ, ஓ, யு ஐந்தும் உயிர். சில சமயம் ஒய்யும் சேர்ந்துகொள்ளும். இவற்றில் ஒன்றாவது இல்லாமல் சொல் அமைவது அபூர்வம். கிச்சனில் இரண்டே இரண்டுதான், ஐ, இ. ஆகவே தேடும் சொல் எதுவானாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சுற்றித்தான் இருக்கும். பாதி வேலை இதிலேயே குறைந்தது!

ஐ-யைப் பிடியுங்கள். ‘இட்’, ‘இன்’. இன்னுக்கு முன்னால் டீ போட்டால் ‘டின்’. பின்னால் கே போட்டால் ‘இங்க்’. இட்டுக்கு முன்னால் எச் போட்டால் ‘ஹிட்’, கே போட்டால் ‘கிட்’. இனி இ-யைப் பிடியுங்கள். ‘ஹீ’, ‘ஹென்’, ‘டென்’, ‘நெட்’. நெட்டையும் டென்னையும் பாருங்கள், ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது.

இதற்கு மேல் ஒற்றை எழுத்தாகத் தேடினால் அலுத்துப் போகும். சில எழுத்துக்கள் ஜோடியாகவே திரிகிறவை. மாமியாரும் வெற்றிலைப் பெட்டியும் மாதிரி. சி-யும் எச்-சும் அப்படி ஒரு ஜோடி. இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு பாருங்கள். மோவாய்க்கு ‘சின்’, அரிப்புக்கு ‘இட்ச்’, அங்குலத்துக்கு ‘இன்ச்’. டீ-யும் எச்-சும் இன்னொரு ஜோடி. ‘தி’, ‘தென்’, ‘தின்’, ‘திங்க்’. சி-யும் கே-யும் சேர்ந்தால் சொல்லின் முடிவில் உட்காரும். ‘நெக்’, ‘டிக்’, ‘திக்’. கே-யும் என்-னும் சேர்ந்து சொல்லின் முதலில் வந்தால் கே வாயைத் திறக்காது. கம்பளி பின்னுவதற்கு ‘நிட்’ என்கிறோமே, அதன் முதலெழுத்து கே. ‘க்னிட்’ என்று யாரும் சொல்வதில்லை.

கடைசியில் ஒரு வேடிக்கையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ‘கிட்’ என்ற சொல்லின் கடைசியில் ஓர் இ-யை வைத்தால் ‘கைட்’, அதாவது பட்டம். இ தன் குரலைக் காட்டாமல், நடுவில் இருக்கிற ஐ-யை நீட்டி விடுகிறது. மருமகள் வாயைத் திறக்காமலே வீட்டையே மாற்றி விடுவது போல! ‘நாட்’ என்பது ‘நோட்’ ஆவதும், ‘கட்’ என்பது ‘க்யூட்’ ஆவதும் இந்தச் சங்கதிதான். கிச்சனுக்குள்ளேயே ‘ஹைக்’, ‘நைஸ்’, ‘ஐஸ்’ எல்லாம் இதே ஜாதி. இத்தனை நேரம் நான் சொன்னதை எண்ணிப் பாருங்கள், இருபத்தைந்து ஆயிற்று.

இனிமேல்தான் விசேஷம். ஏழு எழுத்தையும், ஒன்றைக் கூட மிச்சம் வைக்காமல், வேறு வரிசையில் வைத்தால் இன்னொரு முழுச் சொல் கிடைக்கும். குழம்பு நீர்த்துப் போனால் மாவு கரைத்து விட்டுக் கெட்டியாக்குகிறோமே, அதற்கு இங்கிலீஷில் ‘திக்கன்’. டீ, எச், ஐ, சி, கே, இ, என். கிச்சனின் அதே ஏழு எழுத்து! இந்த ஏழையும் 5040 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒரு வரிசைக்கு ஒரு விநாடி வீதம் மாற்றி மாற்றிப் பார்த்தாலும் ஒரு மணி இருபத்துநாலு நிமிஷம் ஆகும். ஜோடிகளைத் தெரிந்து வைத்தவர்களுக்கோ ‘டீ-எச்’ முன்னால், ‘சி-கே’ நடுவில், ‘இ-என்’ கடைசியில் என்று மூன்று துண்டாகப் பார்த்தால் முடிந்தது.

இப்போது எங்கள் எதிர் வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் கிராமத்தில் பத்தாவது வரை படித்தவள். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். பையன் நாலாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். சாயந்திரம் அவன் புஸ்தகத்தை எடுத்ததும் இவள் எழுந்து உள்ளே போய் விடுவாள். ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “பக்கத்தில உட்கார்ந்தா, ‘உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நீ போ’ங்கிறான் அக்கா. வாஸ்தவம்தானே, எனக்கு என்ன தெரியும்?” சிரிப்பு வாயோடு நின்று விட்டது. ஒன்பது வயசுப் பையன் தெரியாத்தனமாகச் சொல்கிறான்தான். ஆனால் அதைத் தினமும் சொல்லி, தினமும் கேட்டு, இரண்டு பேருக்கும் அதுவே பழகிப் போனால்?

அவனையும் அவளையும் உட்கார வைத்து, இதே ஏழு அட்டைகளைத் தரையில் போட்டேன். அவன் மடமடவென்று பத்துப் பன்னிரண்டு எழுதினான். அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக நாலு அட்டையை நகர்த்தினாள். ஐ, என், சி, எச். “இன்ச்”. பையன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு அது தோன்றவே இல்லை. “எப்படிம்மா?” என்றான். “டேப்பில போட்டிருக்கே. தினம் பார்க்கிறேனேடா” என்றாள். அப்புறம் கொசுவலையிலிருந்து ‘நெட்’, முதலுதவிப் பெட்டியிலிருந்து ‘கிட்’ என்று ஒவ்வொன்றாக வந்தது. ‘சின்’ என்றால் என்ன என்று அவள் கேட்டாள், அவன் தன் மோவாயைத் தொட்டுக் காட்டினான். இப்போதெல்லாம் சாயந்திரம் அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு நடக்கிறது. சொல்லைக் கண்டுபிடிப்பது யாராக இருந்தாலும் சரி, வாசித்துக் காட்டுவது அவன் வேலை. அது வாழ்க்கையில் எங்கே வருகிறது என்று சொல்வது அவள் வேலை.

யோசித்துப் பாருங்கள். நாம் ஒரு நாளில் எத்தனை இங்கிலீஷ் சொல்லைப் பேசுகிறோம்! கேஸ், ஸ்டவ், குக்கர், டின், ரேட், நோட், பில், ரேஷன், டோக்கன், பின், ஹூக், டிக்கெட். தமிழே பேசுகிற அம்மாவின் நாக்கிலும் இவை நூறு இருநூறு இருக்கும். பேசத் தெரிந்ததை எழுத்தாகப் பார்த்ததில்லை, அவ்வளவுதான் குறை. சோப்பு உறையிலும் மிக்ஸியிலும் மாத்திரை அட்டையிலும் கண்ணில் பட்டதையெல்லாம் மனசு எங்கேயோ வாங்கி வைத்திருக்கிறது. இந்த விளையாட்டு அதைத் தட்டி எழுப்புகிறது.

எழுத்துக்களை வைத்துச் சொல் தேடுவதில் உலகப் பிரசித்தி பெற்ற விளையாட்டு ‘ஸ்கிராபிள்’. அதுவே வீட்டில் சும்மா இருக்க நேர்ந்த ஒருவரின் மூளையில் உதித்ததுதான். 1930-களில் அமெரிக்காவில் கடுமையான பொருளாதார முடக்கம். ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் என்ற கட்டிடக் கலைஞருக்கு வேலை போய் விட்டது. ஒரு விளையாட்டாவது தயார் செய்வோம் என்று உட்கார்ந்தார். எந்த எழுத்து எத்தனை வேண்டும் என்று முடிவு செய்ய, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் முதல் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுத்துக்களை எண்ணினார்! 1948-இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் அந்த விளையாட்டுக்கு ஸ்கிராபிள் என்று பெயர் வைத்து விற்க ஆரம்பித்தார். அதில் நூறு சில்லுகள். இரண்டில் எழுத்தே இருக்காது. பாக்கி 98-இல் இ மட்டும் 12. ஏ, ஐ தலா ஒன்பது, ஓ எட்டு. என், ஆர், டீ தலா ஆறு. க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான், ஆனால் அவற்றை உபயோகித்தால் பத்துப் பத்துப் புள்ளி.

இந்தக் கணக்கு நமக்கும் உதவும். வீட்டில் அட்டை வெட்டும்போது எல்லா எழுத்திலும் ஒரே எண்ணிக்கை வெட்டினால் விளையாட்டு நடக்காது. இ நிறைய வேண்டும். தந்திக் குறியீட்டில் கூட இ-க்கு ஒரே ஒரு புள்ளி, டீ-க்கு ஒரே ஒரு கோடு. அடிக்கடி வருகிறவற்றுக்குச் சின்னக் குறி. (தந்தி நம் நாட்டில் 2013-ஆம் வருஷத்தோடு நின்று விட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு, தந்தி வந்தாலே வீட்டில் அழுகை கிளம்பும் என்பதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.) எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்ற அமெரிக்கர் 1939-இல் வெளிவந்த ஒரு நாவலை இ என்ற எழுத்தே வராமல் எழுதினார். ஐம்பதாயிரம் சொற்களுக்கு மேல்! தவறிப் போய் விரல் பட்டு விடக் கூடாதென்று டைப்ரைட்டரில் அந்த விசையைக் கட்டியே வைத்தாராம். உப்பில்லாமல் விருந்து சமைத்த மாதிரி ஒரு வீம்பு.

ஸ்கிராபிளில் எஸ் நாலே நாலுதான். ஏன் தெரியுமா? எந்தப் பெயர்ச்சொல்லின் பின்னாலும் எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கி விடலாம். நிறைய இருந்தால் ஆட்டம் சப்பென்று ஆகி விடும். இதை நாம் திருப்பிப் பயன்படுத்தலாம். வீட்டுப்பாடத்துச் சொல்லில் எஸ் இருந்தால் அதைத் தனியே வைத்து விட்டு, மற்றவற்றில் சொல் தேடுங்கள். பிறகு ஒவ்வொன்றின் வாலிலும் எஸ்ஸை ஒட்டிப் பாருங்கள். எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறும். அதே போல ஐ, என், ஜி மூன்றும் கண்ணில் பட்டால் முதலில் அதைக் கடைசி வாலாக ஒதுக்குங்கள். இ, ஆர் இரண்டும் இருந்தால் அதுவும் ஒரு வால். ‘குக்’ குக்கர் ஆவது அதனால்தான்.

‘மதர்’ என்ற சொல்லையும் ஒருநாள் போட்டுப் பாருங்கள். எம், ஓ, டீ, எச், இ, ஆர். உள்ளே ‘ஹோம்’ இருக்கிறது. ‘ஹீரோ’ இருக்கிறார். ‘ஹாட்’ இருக்கிறது, கேட்பானேன். புடவை ஓரத்தை மடித்துத் தைக்கிற ‘ஹெம்’ இருக்கிறது. பள்ளிக்குப் பணம் கட்டும் ‘டெர்ம்’, இன்னும் கொண்டா என்கிற ‘மோர்’, அந்துப்பூச்சியான ‘மாத்’, ‘அதர்’, ‘தெம்’, ‘ஹெர்’, ‘மெட்ரோ’ எல்லாம் இருக்கின்றன. ‘ரெஸ்ட்’ மட்டும் இல்லை. ஒரு எஸ் குறைகிறது!

கண்டுபிடித்த சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தால்தான் மார்க் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இது ஏன் முக்கியம் என்றால், அர்த்தமே தெரியாமலும் சொல் தேடலாம். நியூஸிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற ஸ்கிராபிள் சூரர் 2015-இல் ஃபிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் போட்டியில் உலகப் பட்டம் வாங்கினார். அவருக்கு ஃபிரெஞ்சு பேசத் தெரியாது! சொற்களின் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்து விட்டார். அவர் சாதனை அவருக்கு. நம் பிள்ளைக்கு வேண்டியது பட்டியல் அல்ல, பாஷை.

இதற்கு நேர்மாறாக ஒரு சேதி. 2021 கடைசியில் ‘வேர்டில்’ என்று ஓர் ஐந்தெழுத்துச் சொல் விளையாட்டு உலகமெங்கும் செல்போனில் பரவியது, நினைவிருக்கலாம். ஜாஷ் வார்டில் என்பவர் தம் துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்தது அது. இங்கிலீஷில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000. அவற்றில் பாதிக்கு மேல் யாரும் கேள்விப்படாதவை. பாலக் ஷா உட்கார்ந்து, சாதாரண மனுஷர்களுக்குத் தெரிந்த சொற்கள் என்று சுமார் 2,500-ஐ மட்டும் பொறுக்கி எடுத்தார். அப்படிச் செய்ததால்தான் எல்லோராலும் அதை ஆட முடிந்தது. சல்லடை போடுவது லேசான வேலை இல்லை. வீட்டில் நீங்களும் அதையே செய்யுங்கள். அகராதியில் இருக்கிறது என்பதற்காகக் கண்ட சொல்லையும் பிள்ளை மேல் ஏற்ற வேண்டாம்.

ஸ்பெல்லிங்கில் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு, எழுத்துக்களைக் கலைக்காமல், சொல்லுக்குள் ஒளிந்திருக்கிற சொல்லைக் காட்டுவது நல்ல வழி. ‘செபரேட்’ என்று எழுதச் சொன்னால் நடுவில் ஏ-யா, இ-யா என்று பெரியவர்களே முழிப்பார்கள். அதன் நடுவே ஓர் எலி, ‘ரேட்’ என்று நாம் இழுக்கிற இடத்தில் ‘ரேட்’ இல்லை, ‘ரேட்’டின் எழுத்தில் முதல் மூன்று, ஆர், ஏ, டீ, அதாவது ‘ராட்’ உட்கார்ந்திருக்கிறது. எலிக்கு முன்னால் ஓர் ஏ. இதைச் சொல்லி விட்டால் பிறகு தப்பே வராது. ‘பிலீவ்’ என்றால் நம்பு. அதன் வயிற்றில் எல், ஐ, இ, ‘லை’ என்கிற பொய் இருக்கிறது. நம்பிக்கைக்குள் பொய்! பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். ‘பீஸ்’ என்கிற துண்டுக்குள் ‘பை’ என்ற தின்பண்டம் இருக்கிறது. ‘பிஸினஸ்’ஸில் ‘பஸ்’ ஓடுகிறது. காதால் கேட்கிற ‘ஹியர்’ சொல்லுக்குள் ‘இயர்’ என்ற காதே இருக்கிறது. இங்கே என்று பொருள் தரும் இன்னொரு ‘ஹிய’ரில் காது கிடையாது.

காதைப் பிடித்தோமே, அதையே கொஞ்சம் இழுக்கலாம். இ, ஏ, ஆர் மூன்றும் இதே வரிசையில் வருகிற சொற்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்து விட்டு, சத்தத்தை வைத்துக் கூறு போடச் சொல்லுங்கள். இயர், ஹியர், நியர், டியர் ஒரு கூறு. கரடிக்கு ‘பேர்’, உடுத்துவதற்கு ‘வேர்’ இரண்டாவது கூறு. ‘ஹார்ட்’ தனிக் கூறு. ‘எர்த்’, ‘எர்லி’, ‘லெர்ன்’ நாலாவது. எழுத்து ஒன்று, சத்தம் நாலு! அதிலும் இதயமான ‘ஹார்ட்’டும் பூமியான ‘எர்த்’தும் அதே ஐந்து எழுத்துக்கள்தான். எச்சை முன்னால் இருந்து எடுத்துப் பின்னால் வைத்தால் இதயம் பூமியாகி விடுகிறது. ஓ, யு, ஜி, எச் சேர்ந்து வருகிற சொற்கள் இதை விட மோசம். இருமல் ‘காஃப்’, முரடு ‘ரஃப்’, இருந்தாலும் என்பதற்கு ‘தோ’, வழியாக என்பதற்கு ‘த்ரூ’, நினைப்பு ‘தாட்’. பிள்ளை ஏன் ஏன் என்று கேட்டால், அந்த ஜி-எச்சுக்கும் ஒரு காலத்தில் குரல் இருந்தது என்று சொல்லுங்கள். காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல அச்சில் உறைந்தது. ஜனங்களின் நாக்கு மட்டும் மாறிக்கொண்டே போயிற்று. பாட்டி போட்ட முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை, அவ்வளவுதான்.

செல்போன் விஷயத்துக்கு வருவோம். எழுத்துக்களைக் கொடுத்தால் அது எப்படி நொடியில் சொல்லைத் துப்புகிறது? மந்திரமில்லை. ஒவ்வொரு சொல்லின் எழுத்தையும் அகர வரிசைப்படி அடுக்கி, ஒரே அடுக்கு வருகிறவற்றை ஒரே அறையில் போட்டு வைத்திருக்கும், அஞ்சறைப் பெட்டி மாதிரி. ‘ஸ்டாப்’ என்ற சொல்லின் எழுத்துக்களை அடுக்கினால் ஓ, பேனாவின் பி, எஸ், டீ. ‘போஸ்ட்’, ‘ஸ்பாட்’, ‘பாட்ஸ்’, ‘டாப்ஸ்’, ‘ஆப்ட்ஸ்’ எதை அடுக்கினாலும் அதேதான். ஆறும் ஒரே அறை. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் கம்ப்யூட்டர் பாடத்துக்கே உதவும். செல்போனைத் திறக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தேடி முடித்த பிறகு திறக்கட்டும். நமக்குத் தப்பிப் போனதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மூடி விடட்டும்.

சில எச்சரிக்கைகள். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இந்தச் சின்ன அட்டைகளைத் தரையில் விட்டு வைக்காதீர்கள். வாயில் போட்டுத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்த எழுத்துக்கள் இன்னும் ஆபத்து. உள்ளே இருக்கும் காந்தம் கழன்று, குழந்தை இரண்டை விழுங்கி விட்டால், குடலுக்குள் அவை ஒன்றையொன்று இழுத்துக் குடலையே ஓட்டை செய்து விடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது.

ஆறு, ஏழு வயசு வரை பிள்ளைகள் எழுத்தை இடம் வலமாகத் திருப்பி எழுதுவது சகஜம். திட்டாதீர்கள். அதற்கு மேலும் அது தொடர்ந்தால், வாசிக்கவும் திணறினால், முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணில் கோளாறில்லை என்றால் டிஸ்லெக்சியா என்ற கற்றல் சிரமமாக இருக்கலாம். அது மந்தபுத்தி இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காகவே இயங்குகிறது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு, கடிகாரத்தை வைத்து, “சீக்கிரம், சீக்கிரம்” என்று அவசரப்படுத்துவது கொடுமை. எலி, பொய், பஸ் கதைகள்தான் அவர்களுக்கு ஏற்றவை.

யாராக இருந்தாலும் கால் மணி நேரம் போதும். “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று பிள்ளை கெஞ்சுகிற சமயத்தில் அட்டைகளைப் பெட்டியில் போட்டு மூடுங்கள். அண்ணனையும் தங்கையையும் மோத விடாதீர்கள். பெரியவனுக்கு ஐந்தெழுத்துக்குக் குறைந்தால் செல்லாது, சின்னவளுக்கு இரண்டெழுத்தே செல்லும் என்று வைத்து விட்டால் சண்டை வராது.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆடிப் பார்க்க ஐந்து சொல் தருகிறேன். ஒவ்வொன்றிலும் எல்லா எழுத்தையும் உபயோகித்து வேறு சொல் செய்ய வேண்டும். ‘மெலன்’, அதாவது முலாம்பழம். ‘நைட்’, ராத்திரி. ‘ஸ்டடி’, படிப்பு. ‘லிஸன்’, கவனித்துக் கேள். ‘டீச்சர்’. விடையைப் பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லி விடாதீர்கள். முலாம்பழம் எலுமிச்சை ஆகும், ‘லெமன்’. ராத்திரி ‘திங்’ என்ற பொருளாகும். ‘ஸ்டடி’யைக் கலைத்தால் ‘டஸ்டி’, தூசி படிந்தது. புஸ்தக அலமாரியைப் பார்த்தாலே தெரியும். கவனித்துக் கேட்கச் சொன்ன ‘லிஸன்’, ‘ஸைலன்ட்’ என்று வாயை மூடிக்கொள்ளும். டீச்சருக்குள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, நிலம் அளக்கிற ‘ஹெக்டேர்’. மற்றது ‘சீட்டர்’, ஏமாற்றுக்காரர். இதை வகுப்பில் போய்ச் சொல்ல வேண்டாம் என்று பிள்ளையிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்!